கிக்கருக்குச் சதவீதம் பெரிதா, சமயத்தில் கைகொடுப்பது பெரிதா? (ஆடம் வினட்டியேரி)

#1 குளிர்நாடன்

நேற்று மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு சண்டை. அமெரிக்கக் கால்பந்தில் கிக்கர், அதாவது பந்தை உதைக்க மட்டும் வருகிறவன், வீரனே இல்லை, சட்டை அழுக்காகாமல் சம்பளம் வாங்குகிறவன் என்று உடன் வேலை செய்பவர் அடித்துப் பேசினார். வாயில் சோறு இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அங்கே விழுங்கியதை இங்கே கொட்டுகிறேன்.

2002 ஜனவரி 19, ஃபாக்ஸ்பரோ. அந்தப் பழைய மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டம். இரவு நேரம், கொட்டும் பனி. பச்சைப் புல் என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 13, சொந்த ஊர் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 10. அரை நிமிடத்துக்குச் சற்று அதிகம்தான் பாக்கி. 45 கஜத்திலிருந்து உதைக்க பேட்ரியட்ஸ் கிக்கர் ஆடம் வினட்டியேரி வருகிறார். வழக்கமாக அவர் ஓடி வருகிற வேகம் அன்று இல்லை. எண்ணெய் சிந்திய தரையில் கொதிக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பவர்போலக் குட்டிக் குட்டி அடியாக வைத்து வந்தார். பந்து உயரவும் இல்லை. தாழப் பறந்து, பனிக்குள் காணாமல் போய், குறுக்குக் கம்பியைத் தாண்டியது. 27 வினாடி மிச்சம். கூடுதல் நேரத்தில் 23 கஜத்திலிருந்து இன்னொன்று. 16-13.

பதினைந்து நாள் கழித்து நியூ ஆர்லியன்ஸில் 36-ஆவது சூப்பர் பௌல், அதாவது அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டி. எதிரே செயின்ட் லூயிஸ் ராம்ஸ். பேட்ரியட்ஸ் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியவன் பைத்தியக்காரன். 17-17 என்ற நிலையில் 48 கஜம். பந்து ஆகாயத்தில் இருக்கும்போதே கடிகாரம் பூஜ்யம். 20-17.

பேட்ரியட்ஸில் பந்து எறிந்த டாம் பிரேடியின் கதையை எல்லோரும் எழுதிவிட்டார்கள். அந்த இரண்டு உதையும் வெளியே போயிருந்தால் அந்தக் கதையின் முதல் அத்தியாயம் எப்படி இருந்திருக்கும்? எனக்கு வினட்டியேரிதான் இந்த வேலையைச் செய்தவர்களிலேயே பெரியவர். மறுப்பவர்கள் வரலாம்.

#2 வெட்டவெளி

மதுரையிலிருந்து எழுதுகிறேன். சூப்பர் பௌல் அன்று மட்டும் திங்கட்கிழமை விடியற்காலை எழுந்து பார்க்கிற ஆள் நான். கேள்வி தவறாக இருந்தால் மன்னிக்கவும். ஓடிக்கொண்டே இருக்கிற ஆட்டத்தை நிறுத்திவிட்டு, ஒருவர் எங்கிருந்தோ வந்து உதைத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறாரே, அவருடைய வேலைதான் என்ன? வேறு எதுவுமே செய்ய மாட்டாரா?

#3 பழைய_ரேடியோ

தம்பி, நல்ல கேள்வி. முப்பது வருடம் பார்த்தவர்களுக்கே இதற்குப் பதில் தெரியாது.

நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும் என்பது ஆட்டத்தின் அடிப்படை. மூன்று முயற்சி வீணாகி, கோல் கம்பம் எட்டும் தூரத்தில் இருந்தால், நான்காவதில் கிக்கரைக் கூப்பிடுவார்கள். கம்பங்களுக்கு நடுவே போனால் 3 புள்ளி, இதற்குப் பெயர் ஃபீல்ட் கோல். கம்பங்களின் இடைவெளி 18 அடி 6 அங்குலம், குறுக்குக் கம்பி தரையிலிருந்து 10 அடி. டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது) போட்ட பிறகு கூடுதலாக ஒரு புள்ளிக்கும் இவர்தான் உதைக்க வேண்டும். ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற உதையும் பெரும்பாலும் இவர் தலையில்தான் விழும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் தொலைக்காட்சியில் ஒருவர் மட்டும் தெரிகிறார் என்பதால் ஏமாந்துவிடாதீர்கள். அது மூன்று பேர் வேலை. ஒருவர் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பார்த்து, ஏழெட்டு கஜம் பின்னால் பந்தை எறிவார். அவருக்கு ஸ்நாப்பர் என்று பெயர். ஒற்றை முழங்காலிட்டு இருக்கும் ஹோல்டர் அதைப் பிடித்து, தரையில் குத்திட்டு நிறுத்தி, பந்தின் தையல் கம்பத்தைப் பார்க்கும்படி விரலால் சுழற்றுவார். அதற்குள் கிக்கர் புறப்பட்டிருப்பார். பந்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் புறப்படுவதில்லை. நிற்கும் என்று நம்பிப் புறப்படுகிறார். எறிவதிலிருந்து உதைப்பது வரை மொத்தம் சுமார் 1.3 வினாடி. கொஞ்சம் தாமதித்தால் எதிரணிக்காரனின் கை பந்துக்கு முன்னால் வந்துவிடும்.

ஃபாக்ஸ்பரோ பனியில் பந்தை எறிந்தவர் லோனி பாக்ஸ்டன், நிறுத்தியவர் கென் வால்டர். வென்றதும் பாக்ஸ்டன் மல்லாந்து விழுந்து கையையும் காலையும் அடித்துப் பனியில் தேவதை உருவம் வரைந்தார். அந்தப் படம் நினைவிருப்பவர்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

#4 கணக்குப்பிள்ளை

பனி, நிலா, தேவதை எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. நான் சிலேட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வினட்டியேரி 24 பருவங்களில் 715 முறை ஃபீல்ட் கோல் முயன்று 599 போட்டார். 83.8 சதவீதம். அதே காலத்தில் இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் அணியில் மைக் வாண்டர்ஜாக்ட் என்றொரு கனடாக்காரர் இருந்தார். 266-க்கு 230, அதாவது 86.5 சதவீதம். 2003-இல் அவர் முயன்ற 37-உம் உள்ளே. ஒன்றுகூடத் தவறவில்லை. குளிர்நாடன் சொல்கிற "பெரியவர்" ஒரு பருவத்தைக்கூட அப்படி முடித்ததில்லை.

பிறகு என்ன நடந்தது? 2006 ஜனவரியில் பிட்ஸ்பர்க் அணிக்கு எதிரே, 21-18 என்று பின்தங்கியிருந்தபோது, 46 கஜத்திலிருந்து ஒன்றை வலப்பக்கம் வெளியே அடித்தார். முடிந்தது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவர் இடத்துக்கு யாரைக் கூட்டி வந்தார்கள்? வினட்டியேரியை. அதாவது, அதுவரை இருந்தவர்களிலேயே குறி தவறாத கிக்கரை அனுப்பிவிட்டு, அவரைவிடக் குறி குறைந்தவரைக் கூப்பிட்டார்கள். ஒரு உதைக்காக.

இது நியாயம் என்று யாராவது கணக்கோடு நிறுவினால் ஒப்புக்கொள்கிறேன். "நெஞ்சுரம்" என்ற சொல்லைப் பயன்படுத்துகிறவர்கள் அதன் அலகையும் சொல்லவும்.

#5 குளிர்நாடன்

கணக்குப்பிள்ளை, கதையின் பின்பாதியை லாகவமாக விட்டுவிட்டீர்கள். வாண்டர்ஜாக்ட் டல்லாஸுக்குப் போனார். பருவம் முடிவதற்குள், நவம்பரிலேயே, வெளியே அனுப்பிவிட்டார்கள். அதே பருவத்தில் வினட்டியேரி பால்டிமோருக்குப் போய், பிளேஆஃப் (தோற்றால் வெளியேற வேண்டிய சுற்று) ஆட்டத்தில் கோல்ட்ஸின் 15 புள்ளியையும் தானே எடுத்தார். ஐந்து ஃபீல்ட் கோல், ஒரு டச்டவுன்கூட இல்லை. 15-6. அந்த ஆண்டு கோப்பை கோல்ட்ஸுக்கு.

இன்னொன்று. வாண்டர்ஜாக்ட் தன் அணித்தலைவரையும் பயிற்சியாளரையும் தொலைக்காட்சியில் குறை சொல்ல, அந்தத் தலைவர் பெய்டன் மானிங் திருப்பி அவரை "முட்டாள் கிக்கர்" என்று உலகறியச் சொன்னது உங்கள் சிலேட்டில் எந்தக் கட்டத்தில் வரும்?

வினட்டியேரி தவறவே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2004 பிப்ரவரி, ஹூஸ்டன், 38-ஆவது சூப்பர் பௌல். முதல் உதை 31 கஜம்தான், வெளியே. அடுத்தது 36 கஜம், எதிரணிக்காரன் கையில் பட்டு விழுந்தது. இரண்டும் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டிய தூரம். கடைசியில் 29-29. அப்போது கரோலைனா பேந்தர்ஸ் கிக்கர் ஜான் கேஸே, ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையைப் பக்கக் கோட்டுக்கு வெளியே அடித்துவிட்டார். தண்டனையாகப் பேட்ரியட்ஸுக்கு 40 கஜக் கோட்டிலிருந்து பந்து. அங்கிருந்து கொஞ்சம் நகர்ந்ததும் 41 கஜத்தில் வினட்டியேரி. நான்கு வினாடி மிச்சம். 32-29.

ஒரு கிக்கரின் பிழை திறந்த கதவு வழியாக இன்னொரு கிக்கர் உள்ளே போனார். கேஸே அந்த அணியில் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் ஆடினார். ஆனால் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது அந்த ஒரு பந்துதான்.

அன்று ஸ்நாப்பராக இருந்தவரைப் பற்றிச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். பாக்ஸ்டனுக்குக் காயம். பதிலுக்கு வந்த பிரையன் கின்ச்சன் ஓய்வுபெற்று லூயிசியானாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேதாகமப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர். டிசம்பரில் தொலைபேசி வந்தது, வகுப்பை விட்டுவிட்டு வந்தார். அவர் சரியாக எறிந்ததால்தான் அந்த 41 கஜம்.

#6 தாழம்பூ

நான் இந்த மன்றத்தில் சமையல் பகுதியில்தான் எழுதுவேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் பையன் பள்ளி அணியில் கிக்கர். வயது பதினாறு. மினசோட்டாவில் இருக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அவனுக்குப் பந்து பிடித்துத் தர நான்தான் போக வேண்டும். பழைய ரேடியோ ஐயா "விரலால் சுழற்றுவார்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டீர்கள். அந்த ஒரு வரியை நான் இரண்டு வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். இடது ஆட்காட்டி விரல் நுனி பந்தின் உச்சியில். அழுத்தவும் கூடாது, விடவும் கூடாது. கோலம் போடும்போது மாவு விடுகிற அளவுக்குத்தான் அழுத்தம். உதைக்கிற சமயத்தில் கண்ணை மூடக் கூடாது. முதல் மாதம் முழுவதும் மூடினேன். பந்து போன பிறகும் விரல் அதே இடத்தில் நிற்க வேண்டும் என்பான். அவன் பூட்ஸ் என் கைக்கு ஒரு சாண் தூரத்தில் போகும்போது வருகிற காற்று முகத்தில் அடிக்கும். குளிர்காலத்தில் பந்து கருங்கல்லாகிவிடும். உதைக்கிற சத்தமே மாறிவிடும். "தொப்" என்பது போய் "டக்" என்று கேட்கும்.

ஒருமுறை தையலைத் தப்பாகத் திருப்பிவிட்டேன். பந்து இடப்பக்கம் வளைந்து வேலி தாண்டிப் போனது. அவன் என்னைத் திட்டவில்லை. "நான் சரியாக அடிக்கவில்லை அம்மா" என்றான். பொய் என்று இருவருக்கும் தெரியும். யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன். கிக்கர் ஹோல்டரைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பந்தை எடுக்க ஓடிவிட்டான்.

2016 ஜனவரியில் எங்கள் ஊரில் நடந்தது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வைக்கிங்ஸுக்கும் சியாட்டிலுக்கும் பிளேஆஃப். பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிர். கடைசி நிமிடத்தில் 27 கஜம், 10-9 என்று பின்தங்கியிருக்கிறோம். பிளேயர் வால்ஷ் இடப்பக்கம் அடித்துவிட்டார். தையல் அவர் பக்கம்தான் திரும்பியிருந்தது, படத்தில் தெளிவாகத் தெரியும். அவர் பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். எங்கள் அணி அன்று எடுத்த 9 புள்ளியும் அவர் போட்ட மூன்று உதைதான் என்பதை மறுநாள் ஒருவரும் பேசவில்லை. முதல் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் கடிதம் எழுதி ஆறுதல் சொன்னார்கள். அவர் அந்தப் பள்ளிக்கே போய் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

#7 வெட்டவெளி

அக்கா, இதைப் படித்துவிட்டு அந்த 27 கஜ உதையைத் தேடிப் பார்த்தேன். நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தையலே தெரிகிறது. அந்த நேரத்துக்குள் ஒரு மனிதன் கையால் திருப்புகிறானா!

கிரிக்கெட்டில் கடைசிப் பந்தில் சிக்ஸர் வாங்கியவரை நாங்கள் ஒரு வாரம் திட்டுவோம். ஆனால் அவர் அடுத்த ஆட்டத்தில் நான்கு ஓவர் போட்டு மீட்டுக்கொள்ளலாம். இவர்களுக்கு அடுத்த வாய்ப்பு எப்போது வரும் என்றே தெரியாதே?

#8 பழைய_ரேடியோ

வராமலே போகலாம். நான் பஃபலோவில் இருந்தவன்.

1991 ஜனவரி 27. தம்பாவில் 25-ஆவது சூப்பர் பௌல். ஜயண்ட்ஸ் 20, எங்கள் பில்ஸ் 19. எட்டு வினாடி. ஸ்காட் நார்வுட் 47 கஜத்திலிருந்து உதைத்தார். எங்கள் ஊர் மைதானத்தில் செயற்கைப் புல், தம்பாவில் நிஜப் புல். அந்தக் காலத்தில் 47 கஜம் என்பது இன்றுபோல் கைக்கடக்கமான தூரமும் இல்லை. பந்து உயரமாக, தூரமாக, அழகாகப் போனது. வலப்பக்கம் வெளியே. வர்ணனையாளர் சொன்ன அந்த இரண்டு வார்த்தை, "வைட் ரைட்", எங்கள் ஊரில் இன்றும் சாவுச் செய்தி மாதிரி.

மறுநாள் ஊர்ச் சதுக்கத்தில் அணியை வரவேற்கக் கூட்டம். நானும் போயிருந்தேன், கால் மரத்துப்போகிற குளிர். யார் தொடங்கினார்களோ தெரியாது, "ஸ்காட் வேண்டும், ஸ்காட் வேண்டும்" என்று கூட்டம் முழுவதும் கத்தத் தொடங்கியது. அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வாழ்க்கையில் இவ்வளவு அன்பை உணர்ந்ததில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னார். எனக்குப் பக்கத்தில் நின்ற தடித்த மனிதர், எஃகு ஆலையில் வேலை பார்த்தவராக இருக்க வேண்டும், தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நார்வுட் அதற்குப் பிறகு ஒரே ஒரு பருவம்தான் ஆடினார்.

அழுவதற்கே கதை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். மயாமி அணிக்குக் காரோ யெப்ரேமியன் என்று ஒரு வழுக்கைத்தலைக் கிக்கர் இருந்தார், சைப்ரஸ்காரர், கழுத்துப்பட்டை தைத்து விற்றவர். 1973 சூப்பர் பௌலில் அவருடைய உதை தடுக்கப்பட்டுப் பந்து அவர் கைக்கே வந்துவிட்டது. பேசாமல் படுத்துக்கொண்டிருக்கலாம். எறிந்து பார்க்கலாம் என்று ஆசை. பந்து கையிலிருந்து வழுக்கி ஆகாயத்தில் எழும்ப, எதிரணிக்காரன் பிடித்து 49 கஜம் ஓடி டச்டவுன் போட்டான். மயாமி எப்படியோ 14-7 என்று தப்பித்தது. ஒரு தோல்வியும் இல்லாமல் 17 ஆட்டம் வென்ற அந்தப் பருவத்தில் எதிரணிக்குக் கடைசி ஆட்டத்தில் கிடைத்த 7 புள்ளியும் இவர் கையால் போட்ட பிச்சை. அதன் பிறகு அவர் தன்னையே கேலி செய்துகொண்டு ஊர் ஊராகப் பேசி நன்றாகவே வாழ்ந்தார்.

#9 கணக்குப்பிள்ளை

ஐயா எழுதியதைப் படித்த பிறகு சிலேட்டைத் தூக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் தூக்குகிறேன்.

எனக்கு எதிரான கணக்கை நானே தருவது நேர்மை. சதவீதத்தைக் காலம் பார்க்காமல் ஒப்பிடக் கூடாது. யான் ஸ்டெனருட் நார்வேயிலிருந்து பனிச்சறுக்கு உதவித்தொகையில் மொன்டானாவுக்கு வந்து கிக்கரானவர். 1991-இல் புகழ்க்கூடத்தில் சேர்த்தார்கள். அவருடைய சதவீதம் 66.8. இன்று அந்த எண்ணோடு ஒருவர் வந்தால் நான்காவது வாரம் வேலை போய்விடும். அப்படியானால் ஸ்டெனருட் மோசமா? இல்லை. சேற்றுத் தரை, அரைகுறை ஸ்நாப்பர்கள், ஹோல்டராக யார் சும்மா இருக்கிறார்களோ அவர்கள். 1964-இல் பீட் கோகலாக் என்ற ஹங்கேரிக்காரர் பக்கவாட்டில் வந்து பாதத்தின் மேற்புறத்தால் உதைத்துக் காட்டும்வரை எல்லோரும் நேராக ஓடி வந்து கட்டைவிரலால்தான் இடித்துக்கொண்டிருந்தார்கள்.

வினட்டியேரியின் பாதி வாழ்க்கை நியூ இங்கிலாந்தின் திறந்தவெளியில், டிசம்பர் காற்றில். வாண்டர்ஜாக்ட் வீட்டு ஆட்டம் எல்லாம் கூரைக்குக் கீழே. அதைக் கழித்தால் 86.5-க்கும் 83.8-க்கும் நடுவே இருக்கிற இடைவெளி சுருங்கும். பின்பாதியில் வினட்டியேரியும் அதே கூரைக்குக் கீழே வந்தார். 2014-இல், 41 வயதில், 31-க்கு 30. அடுத்த இரண்டு பருவத்தில் தொடர்ந்து 44 உதை தவறவில்லை. அது அன்றைக்கு யாரும் தொடாத எண்.

ஆக, குளிர்நாடன் தவறான காரணம் சொல்லிச் சரியான ஆளைப் பிடித்திருக்கிறார். கடைசி நேரத்து மூன்று நான்கு உதைகளால் அவர் பெரியவர் இல்லை. பேட்ரியட்ஸுக்கு 1,158, கோல்ட்ஸுக்கு 1,515, மொத்தம் 2,673 புள்ளி. இரண்டு அணிக்கு ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் எடுத்துக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை. நெஞ்சுரம் என்பதைவிட நீடிப்பு என்று சொல்லுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

#10 குளிர்நாடன்

கையெழுத்தை வாங்கிக்கொண்டேன். ஆனால் நீடிப்பு எங்கிருந்து வந்தது என்பதும் ஒரு கதை. அதற்குச் சிலேட்டில் இடம் போதாது.

தெற்கு டகோட்டாவில் யாங்க்டன் என்ற ஊரில் 1972-இல் பிறந்தவர். ராணுவக் கல்லூரியில் சேர்ந்து இரண்டு வாரத்தில் வீட்டுக்கு ஓடி வந்தவர். (அவருடைய எள்ளுத்தாத்தாவின் தலைமுறையில் ஒரு ராணுவக் கதை உண்டு. ஃபெலிக்ஸ் வினட்டியேரி என்ற இத்தாலிக்காரர், ஜெனரல் கஸ்டரின் ஏழாவது குதிரைப்படைக்கு வாத்தியக்குழுத் தலைவர். 1876-இல் லிட்டில் பிக்ஹார்ன் போருக்குப் போனபோது வாத்தியக்காரர்களை முகாமிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கஸ்டரோடு போனவர்கள் திரும்பவில்லை. குழல் ஊதியவர் பிழைத்தார், வம்சம் தழைத்தது.)

கல்லூரி முடிந்ததும் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அப்போது வர்ஜீனியாவில் ஆபிங்டன் என்ற சிற்றூருக்குப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார். அங்கே டக் பிளெவின்ஸ் என்ற பயிற்சியாளர். பிறவியிலேயே பெருமூளை வாதம், சக்கர நாற்காலி. வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடக் காலால் உதைத்தவர் இல்லை. சிறு வயதிலிருந்தே உதைப்பவர்களைப் பார்த்துப் பார்த்து, எந்த மூட்டு எப்போது திரும்ப வேண்டும் என்பதை மனப்பாடமாக வைத்திருந்தவர். உதைக்கத் தெரிந்தவன் தன் உடம்பை வைத்துச் சொல்லிக்கொடுப்பான். இவருக்கு அந்த வசதி இல்லை, ஆகவே வந்தவனின் உடம்பை மட்டும் பார்த்தார் என்று எனக்குத் தோன்றும்.

அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம். ஐரோப்பாவில் அப்போது நடந்த இரண்டாம் நிலைப் போட்டியில் ஒரு பருவம். 1996 கோடையில் பேட்ரியட்ஸ் பயிற்சி முகாமுக்கு அழைப்பு வந்தது. அங்கே மாட் பார் என்ற அனுபவசாலி ஏற்கெனவே இருந்தார். நார்வுட் தவறிய அதே சூப்பர் பௌலில் ஜயண்ட்ஸ் பக்கம் நின்று வென்ற கிக்கர் அவர்தான். அவரைத் தாண்டித்தான் இவருக்கு வேலை கிடைத்தது.

தொடக்கம் தடுமாற்றம்தான். பயிற்சியாளர் பில் பார்செல்ஸ் முகம் கொடுத்துப் பேசும் ஆள் இல்லை. டிசம்பரில் டல்லாஸில் ஒரு ஆட்டம். எதிரணியின் ஹெர்ஷல் வாக்கர் பந்தை எடுத்துக்கொண்டு ஓடுகிறார். ஒலிம்பிக் பனிச்சறுக்கு வண்டிப் போட்டிக்கே போன வேகக்காரர். எல்லோரையும் தாண்டிவிட்டார், மிச்சம் இருப்பது கிக்கர் மட்டும். வினட்டியேரி துரத்திப் பிடித்துக் கீழே தள்ளினார். நீ கிக்கர் இல்லை, கால்பந்து வீரன் என்று பார்செல்ஸ் அன்று சொன்னதாக எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசை நண்பருக்கு இந்தப் பத்தியை மட்டும் அச்சடித்துக் கொடுக்கப் போகிறேன்.

#11 மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. இரண்டு பேர் இன்றைய கிக்கர்களை வைத்துப் பந்தயக் குறிப்புகள் எழுதியிருந்தார்கள், நீக்கிவிட்டேன். அதற்கு இங்கே இடமில்லை.

#12 கணக்குப்பிள்ளை

முடிவைப் பற்றி யாரும் பேசவில்லை. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

2018 அக்டோபர் 28 அன்று ஓக்லண்டில் வினட்டியேரி, அதுவரை எல்லோரையும்விட அதிகப் புள்ளி எடுத்திருந்த மார்ட்டன் ஆண்டர்சனின் 2,544-ஐத் தாண்டினார். எந்த ரெய்டர்ஸின் வயிற்றெரிச்சலில் பெயர் வாங்கினாரோ அதே ரெய்டர்ஸ் ஊரில். வயது 45. அப்போதே போயிருந்தால் கதை வட்டமாக முடிந்திருக்கும்.

2019-இலும் வந்தார். முதல் ஆட்டத்தில் இரண்டு ஃபீல்ட் கோலும் ஒரு கூடுதல் புள்ளியும் வெளியே. கூடுதல் நேரத்தில் தோல்வி. இரண்டாவது வாரம் இரண்டு கூடுதல் புள்ளி வெளியே. 2015-இல் விதியை மாற்றிக் கூடுதல் புள்ளி உதையை 33 கஜத்துக்குத் தள்ளியிருந்தார்கள், இருந்தாலும் அவருக்கு அது ஒரு தூரமா? ஆட்டம் முடிந்ததும் நாளைக்குப் பேசுகிறேன் என்று நிருபர்களிடம் சொல்லிவிட்டுப் போனார். ஓய்வு அறிவிக்கப் போகிறார் என்று எல்லோரும் எழுதினார்கள். அறிவிக்கவில்லை.

நவம்பரில் பிட்ஸ்பர்க்கில் 43 கஜம், உள்ளே போனால் முன்னிலை. இடப்பக்கம் வெளியே. தாழம்பூ அவர்களே, அந்தப் படத்தையும் பார்த்தேன். தையல் அவர் பக்கம் திரும்பியிருந்தது.

டிசம்பர் 1, சொந்த மைதானம், டென்னசிக்கு எதிரே நான்கு முயற்சியில் ஒன்று மட்டும் உள்ளே. ஒன்றைத் தடுத்து எடுத்துக்கொண்டு ஓடி டச்டவுனே போட்டுவிட்டார்கள். அதுதான் அவருடைய கடைசி ஆட்டம். பிறகுதான் இடது முழங்கால் கெட்டிருந்தது, அதோடுதான் ஆடினார் என்று தெரிந்தது. உதைக்கிற கால் வலது. இடது கால் தரையில் ஊன்றி உடம்பைத் தாங்குகிற கால். 2021 மே மாதம், முன்னாள் அணித்தோழர் ஒருவரின் ஒளிபரப்பில் உட்கார்ந்து பேச்சோடு பேச்சாக ஓய்வைச் சொல்லிவிட்டார்.

599. இன்னும் ஒன்று போட்டிருந்தால் 600. என்னைப் போன்றவனுக்கு அந்த எண் தூக்கத்தைக் கெடுக்கும். அவர் அந்த ஒன்றுக்காக இன்னொரு அணியில் போய் நிற்கவில்லை.

#13 வெட்டவெளி

ஊன்றுகிற கால் என்றால், தவறியதெல்லாம் உதைத்த காலின் குற்றமே இல்லையா?

#14 தாழம்பூ

தம்பி, அதையே என் பையனிடம் கேட்டேன். இந்த இழை முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் புரியும். ஊன்றுகிற கால் பந்துக்கு அருகே எங்கே விழுகிறதோ அதை வைத்துத்தான் பந்து போகிற திசை என்றான். சமையலறைத் தரையில் இடது காலை வைத்துக் காட்டினான். கட்டைவிரல் கதவைப் பார்க்கும்படி ஒருமுறை, குளிர்சாதனப் பெட்டியைப் பார்க்கும்படி ஒருமுறை. "பார், வலது கால் ஒன்றும் செய்யவில்லை, அது பின்னாலேயே வருகிறது." அந்தக் காலில் வலி இருந்தால் எப்படி ஊன்றுவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டான், அது வேறு கதை.

பிளெவின்ஸ் பற்றிச் சொன்ன இடத்தில் மட்டும் இரண்டாம் முறை படிக்கச் சொன்னான். பிறகு என்னைப் பார்த்து, நீயும் உதைத்ததே இல்லையே அம்மா, நான் உதைக்கும்போது என்ன தெரிகிறது, சொல் என்றான். இத்தனை நாள் பந்தைத்தான் பார்த்திருக்கிறேன், அவனைப் பார்த்ததில்லை.

நாளைக் காலை பூஜ்யத்துக்குக் கீழே ஒன்பது என்று போட்டிருக்கிறது. விரல் நுனி இல்லாத கையுறை ஒன்று இருந்தது, இரவு பத்து மணிக்கு அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.